அளந்தவன் பேச்சு நிற்கும்

(தோட்ட இளைஞர்களுக்காகக் கோமாரியில் நடந்த பயிற்சி வகுப்பில் எஞ்சின் திருத்தும் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை நாமே பார்க்க வேண்டும் என்று சங்கம் எத்தனை வருடமாகச் சொல்கிறது! எஞ்சினுக்கும் அதே பேச்சுத்தான். அளக்கத் தெரியாதவன் மற்றவன் சொல்வதை நம்ப வேண்டியதுதான்.

இந்த மேசையில் இருப்பது சைக்கிளில் பூட்டும் சின்ன எஞ்சின். பெட்டியில் 80 சிசி என்று போட்டிருந்தது. சிலிண்டர் விட்டம் 47 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 38 மி.மீ. பெருக்கிப் பாருங்கள், 66 சிசிதான் வரும். முதல் ஏமாற்று அங்கேயே பிடிபட்டுவிட்டது.

இது டூ ஸ்ட்ரோக். நீங்கள் தோளில் மாட்டுகிற புல்வெட்டும் மெஷின்களில் அநேகமானவையும், இந்தக் கடற்கரை வள்ளங்களின் பழைய எஞ்சின்களும் இதே இனம். இதில் வால்வு இல்லை. சிலிண்டர் சுவரில் மூன்று வகைத் துவாரங்கள் உண்டு: கலவை உள்ளே வருவது ஒன்று, கீழறையிலிருந்து மேலே ஏறுவது ஒன்று, புகை வெளியே போவது ஒன்று. பிஸ்டனே ஏறி இறங்கி இவற்றைத் திறந்து மூடுகிறது. இங்கிலாந்தில் ஜோசப் டே என்பவரின் பட்டறையில் 1890களில் இந்த வழியைக் கண்டவர் பிரெடெரிக் காக். அவர் முதலாளி அல்ல, அங்கே வேலை செய்த தொழிலாளி.

எந்தத் துவாரம் எந்தப் பாகையில் திறக்கிறது என்று அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. பிள்ளைகளின் பாகைமானியை வைத்து, மட்டையில் 360 பாகை வட்டம் ஒன்று வரைந்து வெட்டுங்கள். அதைக் கிராங்க் முனையில் இறுக்குங்கள். ஒரு கம்பியை வளைத்து முள்ளாக நிறுத்துங்கள்.

முதலில் பிஸ்டனின் உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். கண் மட்டத்தில் பார்த்தால் பிழைக்கும். உச்சியில் பிஸ்டன் சற்று நேரம் அசையாததுபோல நிற்கும். அதனால் ஹெட்டைக் கழற்றி, மேலே ஒரு பட்டை இரும்பை இறுக்கி, அதிலிருந்து ஒரு போல்ட்டைக் கீழே இறக்குங்கள். பிஸ்டன் அதில் மெதுவாக முட்டும்வரை ஒரு பக்கம் சுற்றிக் குறியுங்கள். மறுபக்கம் சுற்றி முட்டவைத்துக் குறியுங்கள். இரண்டுக்கும் சரி நடுவே உச்சி. அங்கே முள்ளைப் பூச்சியத்தில் வைத்துவிட்டுத் தடையைக் கழற்றுங்கள்.

இப்போது சுற்றுங்கள். இந்த எஞ்சினில் புகைத் துவாரம் 104 பாகையில் திறக்கிறது, 256இல் மூடுகிறது. இரண்டையும் கூட்டினால் 360. கூட்டுத்தொகை அப்படி வராவிட்டால் உச்சியைப் பிழையாகப் பிடித்திருக்கிறீர்கள். திறந்திருக்கும் நேரம் 152 பாகை. கலவை ஏறும் துவாரம் 122இல் திறக்கிறது. இடையிலுள்ள 18 பாகையில்தான் எரிந்த புகை முந்திக்கொண்டு வெளியேறுகிறது.

சிலர் "புகைத் துவாரத்தை மேலே ராவினால் வேகம் கூடும்" என்பார்கள். கூடும், ஆனால் வேகச் சுற்றில் மட்டும். ஏற்றத்தில் மெதுவாக இழுக்கும் பலம் குறையும். ராவிய இரும்பைத் திரும்ப ஒட்டவும் முடியாது. சிலிண்டருக்கு அடியில் கேஸ்கட் 1 மி.மீ. தடித்தாலே இந்த எஞ்சினில் புகைத் துவாரமும் கலவை ஏறும் துவாரமும் மூன்று, நான்கு பாகை முந்தித் திறக்கும். ஆகவே அரத்தை எடுக்குமுன் பாகைத் தட்டை எடுங்கள்.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தம்பியின் புல்வெட்டும் மெஷின் இழுக்கவில்லை. "நீ உள்ளே ராவிக் கெடுத்துவிட்டாய், திருத்தும் காசைச் சம்பளத்தில் வெட்டுவோம்" என்றார்கள். தோட்டத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அந்த மெஷினில் ஹெட் தனியாகக் கழலாது. பிளக் துவாரத்தால் தடை வைத்தோம், சைலன்சரைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தோம். புகைத் துவாரம் பாதிக்குமேல் கரி அடைத்திருந்தது. பிஸ்டனால் துவாரத்தை மூடிக்கொண்டு, மரக்குச்சியால் கரியைச் சுரண்டி எடுத்தபின் அளந்தோம். அதே வகை மெஷின் இன்னொன்றையும் பக்கத்தில் வைத்து அளந்தோம். இரண்டும் ஒரே பாகை. யாரும் ராவவில்லை. ஸ்டோரில் கலந்து கொடுத்த பெற்றோலில்தான் ஒயில் கூடிப்போயிருந்தது. லீற்றருக்கு 20 மில்லி கேட்கும் மெஷினுக்கு 40 மில்லி ஊற்றினால் கரி பிடிக்காமல் என்ன செய்யும்?

அளவுகளை ஒரு தாளில் எழுதித் தலைவர் துரையிடம் கொடுத்தார். சம்பளத்தில் கை வைக்கவில்லை.

ஆகவே தம்பிமாரே, மெஷின் புதிதாகக் கைக்கு வரும் நாளிலேயே அளந்து, திகதி போட்டு எழுதி வையுங்கள். ஒரு பிரதி தலைவரிடம் இருக்கட்டும். நாளைக்கு யாராவது விரல் நீட்டினால் அந்தத் தாள் பேசும்.

இப்போது ஒவ்வொருவராக வாருங்கள். தட்டு இங்கே இருக்கிறது, நீங்களே சுற்றிப் பாருங்கள்.