உடன்பிறந்த சொற்கள்

நெருங்கிய தொடர்புடையவற்றைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் பெயரடைகளுள் 'கொக்னேற்' என்பதும் ஒன்று. 'உடன்பிறந்த' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று வந்தது அது. ஆதலின், மொழிநூலில் அதனை ஆள்வதற்கு வெறும் ஒப்புமை போதாது. பிறப்பும் ஒன்றாதல் வேண்டும்.

தமிழில் 'பால்', 'பல்', 'புலி' எனப்படுபவை கன்னடத்தில் 'ஹாலு', 'ஹல்லு', 'ஹுலி' என வழங்குகின்றன. பகரம் ஹகரமாதல் ஒரு சொல்லில் மட்டும் நேர்ந்ததன்று. பல சொற்களில் ஒழுங்காக வருவது. இத்தகைய ஒழுங்கே உடன்பிறப்புக்குச் சான்று.

'கட்டுமரம்' என்னும் தமிழ்ச் சொல்லும் 'கற்றமரான்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அத்தகையன அல்ல. பின்னது முன்னதினின்று கடனாகப் பெறப்பட்டது. கடன் வாங்கியவன் உடன்பிறந்தவன் ஆவானோ?

ஓசையும் ஏமாற்றும். நாளைக் குறிக்கும் ஆங்கில 'டே'யும் இலத்தீன் 'டியெசு'ம் ஒத்து ஒலிப்பினும் வேறு வேரின. ஆங்கில 'வீலு'ம் வடமொழிச் 'சக்கர'மும் ஒவ்வாது ஒலிப்பினும் ஒரே வேரின.

இச்சொல்லை வாக்கியத்தில் ஆளும்போது 'வித்' என்னும் முன்னிடைச்சொல்லைச் சேர்த்து, ஒன்று மற்றொன்றுடன் 'கொக்னேற்' என்பர். இரு மொழிச் சொற்கள் ஒத்திருக்கக் கண்டவுடன் உறவு கொண்டாட விரையும் மாணவர், அவ்வொப்புமை பிறப்பால் வந்ததோ, கடனால் வந்ததோ, தற்செயலோ என முதலில் ஆராய்தல் நன்று. ஆராயாது கூறும் உறவு தாய்மொழிக்கும் பெருமை தராது.