மேடைக்கு அடியில் ஓர் ஆணி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘இன்ஜினியர் அண்ணன் வேலைவாய்ப்பு பத்திப் பேசுவார்’னு எதிர்பார்த்திருப்பீங்க. நான் பேசப் போவது டான்ஸ் பற்றி. பயப்படாதீர்கள், ஆடிக்காட்டப் போவதில்லை!

பாப் இசையில் பாட்டுக்குப் பாதி மார்க், ஆட்டத்துக்குப் பாதி மார்க். மைக்கேல் ஜாக்சன் ‘ஸ்மூத் கிரிமினல்’ பாட்டில் விறைப்பாக நின்றபடியே 45 டிகிரி முன்னால் சாய்வார். 1988ல் வந்த படக்காட்சியில் கம்பி கட்டிச் செய்தார்கள். ஜனங்கள் முன்னால் மேடையில் எப்படிச் செய்வது? அவரும் இரண்டு கூட்டாளிகளும் ஒரு ஷூவை வடிவமைத்து, 1993ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். ஷூவின் குதிகாலில் ஒரு பள்ளம். மேடைக்கு அடியிலிருந்து சரியான நேரத்தில் மேலே வரும் ஓர் ஆணி. இரண்டும் மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் சூட்சுமம்.

அப்போ எல்லாம் ஆணி செய்த வேலையா? இல்லீங்க. ஆணி குதிகாலை மட்டும்தான் பிடிக்கும். மற்ற பாரம் முழுக்கக் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் முதுகும்தான் தாங்க வேண்டும். சாதாரண ஆள் 20 டிகிரியும், நன்றாகப் பயின்றவர் 25, 30 டிகிரியும் சாயலாம் என்று 2018ல் சண்டிகர் மருத்துவர்கள் எழுதினார்கள். ஆணி இருந்தாலும் உடம்பில் உரம் வேண்டும்.

1999 ஜூன் 27, ஜெர்மனியின் மியூனிக் நகரம். ஜாக்சன் நடத்திய கச்சேரியில் நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் பிரபுதேவாவும் ஷோபனாவும் ஆடினார்கள். அன்று இரவே, ஜாக்சனை மேலே தூக்கிய பாலம் திடீரென்று வேகமாகக் கீழே விழுந்தது. மனிதர் எழுந்து பாட்டை முடித்துவிட்டுத்தான் போனார். இயந்திரம் கைவிட்ட இடத்தில் பயிற்சி கைகொடுத்தது.

இதைப் பார்க்க மியூனிக் போக வேண்டாம். நம் வல்லத்துக்குப் பக்கத்தில் செஞ்சி; செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில். இந்த வட்டாரத்துப் பாரதக் கூத்தில் கலைஞர் விடிய விடியத் தானே பாடி, தானே ஆடி, தானே வசனமும் பேசுகிறார். கிரீடமும் புஜக்கட்டையும் ஏன் கல்யாண முருங்கை மரத்தில் செய்கிறார்கள்? எடை குறைவு, சுழன்று ஆடலாம். அவர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் ஏன் திருப்பிப் பாடுகிறார்கள்? அந்த நேரத்தில் அவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பாப் கச்சேரியிலும் பாடகருக்குப் பின்னால் நாலு பேர் நிற்பது இதற்கும்தானே! எந்தக் கல்லூரியிலும் படிக்காத இன்ஜினியரிங் இது.

ஆனால் இன்று பல ஊர்த் திருவிழாக்களில் கூத்துக்கு இருந்த இரவை ரிக்கார்டு டான்ஸ் பிடித்துக்கொண்டது. கல்லூரி விழாவிலும் யாரோ பாடிய பாட்டுக்கு வாயசைக்கிறோம். தம்பிகளே, தங்கைகளே, பாப் ஆடுங்கள், தப்பே இல்லை. ஒரு பாட்டையாவது சொந்தக் குரலில் பாடிக்கொண்டே ஆடிப் பாருங்கள். மூச்சு எங்கே முட்டுகிறது என்று தெரியும். கலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்பில் இந்த மேடையில் ஒரு கூத்துக் குழு ஆடட்டும். மேடை போடும் செலவு என்னுடையது.