கருணை வேண்டாம், கணக்குச் சொல்லுங்கள்

(பாப்பிரெட்டிப்பட்டியில் பகுதிநேர ஆசிரியர்களுக்கு ஆதரவாக நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே வாசித்த மனுவில் 'கருணை கூர்ந்து' என்று மூணு இடத்தில் வருது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கையேந்திக் கேக்கறதுக்கு இது யார் வீட்டுப் பணம்? கவிதை எழுதறவன்னு என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. இன்னிக்கு பாங்க் கிளார்க்காத்தான் பேசப் போறேன்.

2012-இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தாங்க. ஓவியம், தையல், கணினி, உடற்கல்வி. வாரத்துக்கு மூணு அரைநாள், மாசம் 5,000 ரூபாய். பன்னிரண்டு வருஷம் கழிச்சு, 2024-இல், அது 12,500 ஆச்சு. மே மாசச் சம்பளம் கிடையாதுன்னு வச்சிருந்தாங்க. வயிறும் மே மாசம் லீவு எடுத்துக்குமா? ஜூன்ல எங்க நகைக்கடன் கவுண்டருக்கு வந்து பாருங்க, யார் நிக்கறாங்கன்னு தெரியும். அவங்களே தனிநபர் கடன் கேட்டு வந்தா, 'தொகுப்பூதியம்' என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் விண்ணப்பம் திரும்பிடும். அரசாங்கம் கொடுத்த வேலையை பாங்கே நம்பறதில்லை.

செத்தவங்க, ஓய்வு பெற்றவங்க, விட்டுட்டுப் போனவங்க போக 12 ஆயிரத்துச் சொச்சம் பேர் மிஞ்சினாங்க. உத்தரவு போட்டு வெளியே அனுப்பினாத்தான் வேலைபறிப்பா? ஆறப்போட்டுக் கரைக்கிறதும் அதுதான். காசு கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு எல்லாம் தனியார் பள்ளியில் இருக்கு. சேரிப் பிள்ளைக்கும் மலையிலிருந்து இறங்கி வர்ற பிள்ளைக்கும் இந்த டீச்சர் வர்ற அரைநாள்தான் இருக்கு.

பணமில்லை என்கிறாங்க. சமக்ர சிக்ஷாவில் தில்லியின் பங்கு 60 விழுக்காடு. 2024-25க்குத் தரவேண்டிய 2,152 கோடியை, பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாத்தான் தருவோம்னு நிறுத்தி வச்சாங்க. தேசியக் கல்விக் கொள்கையைத் திணிக்க வாத்தியார் சம்பளத்தைப் பணயம் வைக்கிறது அடாவடி. 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது சரிதான். ஆனா தில்லியைக் கைகாட்டி சென்னை தப்பிச்சுக்க நாம விடக்கூடாது.

1927 மார்ச்சில் பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானியம் பற்றிப் பேசிய அம்பேத்கர் ஒரு கணக்குக் காட்டினார். கல்விக்குத் தலைக்கு 14 அணா செலவழிக்கிற சர்க்கார், கலால் வரியாகத் தலைக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் வசூலிக்கிறது என்றார். அதே கணக்கை இங்கே போட்டுப் பார்த்தேன். 2024-25இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,344 கோடி. ஒரு நாளைக்கு 132 கோடி. தில்லி நிறுத்தின தொகை பதினாறு நாள் வசூல். 12 ஆயிரம் பேருக்கு 12,500 வீதம் பதினோரு மாசச் சம்பளம் 165 கோடி, அதாவது ஒண்ணேகால் நாள் வசூல்! அந்த வசூல்ல நம்ம அப்பன்மார் கூலி எவ்வளவுன்னு நான் வேற சொல்லணுமா?

ஆளும் இல்லையாம். 1992 ஜூனில் பக்கத்து வாச்சாத்தியில் நடந்த கொடுமைக்காக வழக்கில் சேர்க்கப்பட்ட அரசு ஊழியர்கள் மட்டும் 269 பேர். அன்னிக்கு ஆள் இருந்தது, வண்டி இருந்தது, டீசல் இருந்தது.

மனுவை மாத்தி எழுதுவோம். மே மாசச் சம்பளம், முழுநேரப் பணி, காலமுறை ஊதியம். காலியான இடங்களை நிரப்பணும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் சேர்த்து. தில்லிப் பங்கு வந்தாலும் வராட்டியும் மாநில பட்ஜெட்டில் இதுக்குத் தனியா நிதி. 2021 தேர்தல் அறிக்கையில் 181ஆம் வாக்குறுதியாகப் பணி நிரந்தரம் என்று தி.மு.க. எழுதிக் கொடுத்தது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கூடவே இணைப்போம்.