புகை வராமல் பாட்டு வர

வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்களுக்கு ஒரு அவசரம் உண்டு. கடைசி ஒயரைப் பற்றவைத்ததும் ஸ்பீக்கரை மாட்டி, பிளக்கைச் செருகிவிடுவார்கள். பாட்டு வராது, புகை வரும்.

இதற்குப் பழைய மெக்கானிக்குகளின் வைத்தியம் சீரிஸ் பல்பு. டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் போகிற வழியில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்ல சகுனம். கெபாசிட்டர் சார்ஜ் ஆகிவிட்டது. மங்காமல் எரிந்தால் எங்கோ ஷார்ட். முதலில் ஹீட்சிங்கைப் பாருங்கள். 2என்3055 போன்ற டிரான்சிஸ்டரில் வெளி உலோகக் கூடுதான் கலெக்டர். அடியில் இருக்கும் மைக்கா தகட்டில் சின்னக் கிழிசல் போதும், வேலை முடிந்தது.

அடுத்து, ஸ்பீக்கர் இல்லாமலே அவுட்புட்டில் டி.சி. வோல்டேஜை அளந்து பாருங்கள். பிளஸ், மைனஸ் இரட்டை சப்ளை உள்ள சர்க்யூட்டில் சில பத்து மில்லிவோல்ட் பரவாயில்லை. பல வோல்ட் காட்டும்போது ஸ்பீக்கரை மாட்டினால் அதன் சுருள் கருகிவிடும்.

ஸ்பீக்கரை மாட்டிய பிறகு 'ம்ம்ம்' என்று இரைகிறதா? இன்புட்டை கிரவுண்டோடு சேர்த்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி இன்புட் ஒயர். பாவம், ஆம்ப்ளிஃபயரைத் திட்டாதீர்கள். நிற்காவிட்டால் ஃபில்டர் கெபாசிட்டரையும் கிரவுண்ட் இணைப்பையும் சந்தேகப்படலாம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.