புது வண்டும் பழம் புத்தியும்

(செட்டியார்பட்டியில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு வண்டைப் பற்றியதாகும். நூல் விலையும் கூலியும் பேச வேண்டிய ஊரில் வண்டைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமென்ன என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால், ஒரு சங்கதி மெய்யா பொய்யா என்று எப்படித் தீர்மானிப்பது என்பதைப் பெரிய பெரிய தத்துவப் புத்தகங்களைக் காட்டிலும் இந்தச் சிறு பூச்சி நமக்கு நன்றாய்க் கற்றுக் கொடுக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

இதை ஆங்கிலத்தில் ரோவ் வண்டு என்கிறார்கள். விஞ்ஞானிகள் இந்தக் குடும்பத்துக்கு ஸ்டாபிலினிடே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மற்ற வண்டுகளுக்கு முன் இறக்கையானது ஓடு போல முதுகு முழுவதையும் மூடியிருக்கும். இதற்கோ, வளர்ந்த பையனுக்குப் பழைய சட்டை போட்ட மாதிரி, ஓடு பாதி முதுகோடு நின்றுவிடும். வயிறு வெளியே தெரியும். ஆனாலும் அந்தக் குட்டை ஓட்டுக்குள்ளேயே பறக்கிற இறக்கையை மடித்து ஒடுக்கி வைத்திருக்கும். பயந்தால் வாலைத் தேள் போலத் தூக்கும். இப்படித் தூக்கும் ஒரு கறுப்பு இனத்துக்கு இங்கிலாந்து ஜனங்கள் 'பிசாசின் வண்டிக் குதிரை' என்று பெயர் வைத்தார்கள். ஆகவே மூடநம்பிக்கை நமக்கு மாத்திரம் சொந்தமென்று யாரும் எண்ண வேண்டாம்.

இந்த ஒரு குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் மாத்திரம் 60,000-க்கு மேல். உலகத்திலுள்ள பறவை இனங்களும் பால் கொடுக்கும் பிராணி இனங்களும் சேர்ந்தாலும் 20,000-ஐ எட்டாது. இன்னும் பெயரிடப்படாதவை மழைக்காட்டுச் சருகிலும், பட்டுப்போன மரப்பட்டையிலும், காளானிலும், சாணத்திலும் ஒளிந்து கிடக்கின்றன. கறையான் புற்றுக்குள் வாழ்ந்து, கறையானை ஏமாற்றி அதனிடமே இரை வாங்கித் தின்னும் இனங்களும் உண்டு. புற்றுக்குப் பால் வார்த்தவர்கள் லட்சம் பேர். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நெல் வயலிலேயே ஒன்று இருக்கிறது. எறும்பு மாதிரி நீளமாய், செம்மஞ்சள் உடம்பும், கறுத்த தலையும், நீலம் மின்னும் குட்டை ஓடும், கறுத்த வால் நுனியும் உடையது. புகையான் பூச்சியைப் பிடித்துத் தின்பதால் விவசாயிக்கு நண்பன். ஆனால் இரவில் விளக்கைத் தேடி வரும். தறிக்கூடத்திலோ வீட்டிலோ கழுத்தில் வந்து உட்காரும்போது, தூக்கக் கலக்கத்தில் நசுக்கித் தேய்த்துவிடுகிறோம். அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. நசுங்கிய உடம்பின் நீர் பட்ட இடம் ஒரு நாள் இரண்டு நாள் கழித்து, கோடு கிழித்தது போல் சிவந்து, எரிந்து, கொப்புளிக்கும்.

காரணம் தெரியாததால் ஒருவர் பல்லி மூத்திரம் என்பார். ஒருவர் சிலந்தி என்பார். இன்னொருவர் அக்கி என்று சொல்லி, செங்காவி குழைத்து உடம்பில் எழுதச் சொல்லுவார். எழுதினபின் சில நாளில் ஆறிவிடும். உடனே "பார்த்தீர்களா, எழுதியதால் ஆறிற்று" என்பார்கள். தோழர்களே! எழுதாதவனுக்கும் இரண்டொரு வாரத்தில் ஆறித்தானே போகிறது? அவனுக்கு எந்தக் காவி வந்து ஆற்றியது? உண்மையான அக்கி வேறு. அது சின்னம்மைக் கிருமியால் வருவது. அதற்குக் காலதாமதமில்லாமல் வைத்தியரிடம் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிக் காவி பூசுவதால் இரண்டுக்கும் சரியான வைத்தியம் நடப்பதில்லை.

இந்தப் பூச்சிக்கு 1826-ல் ஜான் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயர் பீடெரஸ் ஃபஸ்ஸிபெஸ் என்று பெயரிட்டு அடையாளம் எழுதி வைத்தார். அன்றைக்கு அது வேலையற்றவன் வேலையாய்த்தான் பலருக்குத் தோன்றியிருக்கும். 1953-ல் இத்தாலியில் இதன் விஷத்தைப் பிரித்தெடுத்து, பெடெரின் என்று பெயர் கொடுத்தார்கள். 2002-ல் ஜெர்மனியைச் சேர்ந்த யோர்ன் பீல் என்பவர், அந்த விஷத்தை உண்டாக்குவது வண்டல்ல, அதன் உடம்புக்குள் குடியிருக்கும் ஒரு நுண்கிருமியே என்று காட்டினார். ஆங்கிலேயனும் இத்தாலிக்காரனும் ஜெர்மானியனும் நம் வயற்காரனும் பேசுவது ஒரே பூச்சியைப் பற்றித்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? அந்தப் பெயரும் அதனோடு எழுதிய அடையாளமும்தான். பெயரும் அடையாளமும் இல்லாத பூச்சியின் மேல் கதை சேரும்; அவை உள்ளதன் மேல் அறிவு சேரும். நாம் இன்று சொல்ல வந்தது முக்கியமாய் இதுதான்.

சரி, ஒரு வண்டைப் புது இனம் என்று எப்படிச் சொல்லுகிறார்கள்? யாரோ ஒரு மகான் கனவில் கண்டு சொல்லுவதில்லை. காட்டுச் சருகைச் சல்லடையில் சலித்து, விழுந்த பூச்சிகளைச் சாராயத்தில் போட்டுக் காப்பாற்றி, அட்டையில் ஒட்டி, எந்த இடம், எத்தனை அடி உயரம், எந்தத் தேதி, யார் பிடித்தது என்று சீட்டு எழுதுவார்கள். சீட்டில்லாத பூச்சிக்கு மதிப்பில்லை. பிறகு இதுவரை பெயரிட்டவைகளோடு ஒப்பிடுவார்கள். வெளித்தோற்றம் ஒன்றாயிருந்தால், ஆண் வண்டின் பிறப்புறுப்பைப் பிரித்தெடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் இனத்துக்கு இனம் மாறுபடும். இப்பொழுது மரபணுவையும் பார்க்கிறார்கள். அப்புறம் படம் வரைந்து, அளவு குறித்து, ஒரே ஒரு பூச்சியை மூல மாதிரியாக நியமித்து, இரண்டு சொல்லில் பெயர் கொடுத்து அச்சிடுவார்கள். அந்த மாதிரி, ஆராய்ச்சிக்காரர்கள் வந்து பார்க்கக்கூடிய காட்சிசாலையில் இருக்கும். நம் நாட்டில் புது இனம் கண்டால் அதன் மாதிரியை, சர்க்கார் குறித்த ஸ்தாபனத்தில் ஒப்படைக்க வேண்டுமென்று 2002-ம் வருஷத்து உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் சொல்லுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், "நான் சொல்லுகிறேன், நம்பு" என்ற பேச்சே இதில் கிடையாது. "இதோ பூச்சி, வந்து பார்" என்பதுதான் பேச்சு. வந்து பார்த்தவன், இது புதிதல்ல, இன்னார் முன்னமே பெயரிட்டது என்று ருஜுப்படுத்தினால், பொதுவாகப் பிந்திய பெயர் தள்ளுபடியாகி முந்தியதே நிற்கும். லின்னேயஸ் 1758-ல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து இந்தக் கணக்கு ஆரம்பமாகிறது. பெரிய பண்டிதர் வைத்த பெயராயிற்றே என்று யாரும் தயங்குவதில்லை. தப்பைக் காட்டினவனை நாஸ்திகன் என்று ஒதுக்கி வைப்பதுமில்லை.

நம் நாட்டு ரோவ் வண்டுகளைப் பற்றி மால்கம் காமரன் என்ற கப்பல்படை வைத்தியர் 1930 முதல் 1939 வரை பல பாகங்களாகப் புத்தகம் எழுதினார். அவர் சேர்த்த வண்டுகள் இன்று லண்டன் காட்சிசாலையில் இருக்கின்றன. நம்மவர் ஒருவரையும் சொல்லவேண்டும். காரைக்காலைச் சேர்ந்த குரும்பகரத்திலிருந்த பி. சூசை நாதன், தம் ஊரிலும் ஆனைமலை மழைக்காடுகளை அடுத்த சின்கோனாவிலும் பூச்சிகளைப் பிடித்து, சீட்டெழுதி, வெளிநாட்டுக் காட்சிசாலைகளுக்கு அனுப்பினார். அவர் பெயரால் 'நாதனி' என்று வழங்கும் பூச்சி இனங்கள் பல உண்டு. எந்தப் பூச்சிச் சீட்டும் அவர் என்ன ஜாதி என்று கேட்கவில்லை. எந்த இடத்தில், எந்த நாளில் பிடித்தாய் என்றுதான் கேட்டது.

பூச்சி நம்முடையது, பிடித்த கையும் நம்முடையது. பெயரிட்டவர்களும் மாதிரியை வைத்திருப்பவர்களும் வெகு காலம் அந்நியராய் இருந்ததற்குக் காரணமென்ன? அந்நிய ஆட்சி ஒரு காரணம். அவர்கள் குனிந்து பார்த்தார்கள், நாம் கும்பிட்டுவிட்டுப் போனோம் என்பது மற்றொரு காரணம். இந்திய விலங்கியல் ஆய்வு ஸ்தாபனம் 1916-ல் ஏற்பட்டது. இன்று நம்மவர்களே புது இனங்களுக்குப் பெயரிட்டு வருகிறார்கள் என்றாலும், வேலைக்கு ஏற்ற ஆள் இல்லை.

நமக்கு மேற்கே நிற்கும் மலையைப் பாருங்கள். சாம்பல் நிற அணிலுக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-ல் சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. அணிலுக்கும் புலிக்கும் பெயர் இருக்கிறது. ஆகவே பேச ஆள் இருக்கிறது. ரோவ் வண்டுகளிலோ இறக்கை குறுகிப் பறக்க முடியாமல், ஒரே ஒரு மலையில் மாத்திரம் வாழும் இனங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒன்று பெயரிடப்படாமல் இருக்கும்போதே அதன் காடு அழிந்தால், இன்னது அழிந்தது என்று சொல்லக்கூட ஆளிருக்காது.

ஆகவே தோழர்களே! இந்தச் செம்மஞ்சள் பூச்சி உடம்பில் உட்கார்ந்தால் நசுக்காதீர்கள்; ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் வைத்தியரிடம் ஓடுங்கள். பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து, ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் பூச்சி பிடிக்கக் கூடாது. வயலும் குப்பைமேடும் போதும். பார்த்ததை இடம், தேதியோடு எழுதிவைக்கப் பழக்குங்கள். நாளைக்கு எவராவது வந்து ஓர் அற்புதத்தைச் சொன்னால், எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் பார்த்தது, மாதிரி எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளே கேட்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களை அதட்டாமல் இருக்க வேண்டுமென்று உங்களைக் கேட்டுக்கொண்டு, நமது வார்த்தையை முடித்துக்கொள்ளுகின்றோம்.