தங்கவயலிலிருந்து மூன்று சாலைகள்

கோலார் தங்கவயலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப்பேர் சைக்கிளோடு கூடினால், எந்தத் திசையில் போவது என்னும் வழக்கும் உடனே கூடிவிடும். இளைஞர் மலையேற வேண்டும் என்பர். மூத்தோர் கோயில் என்பர். வழியில் நிழலும் தேநீர்க் கடையும் உண்டா என்று மட்டும் கேட்கும் விவேகிகளும் சிலர் இருப்பர். இந்த வழக்கைத் தீர்க்க என்னாலியன்ற யோசனையைச் சொல்கிறேன்.

சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. அதன்பின் நம் மக்களில் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இருட்டியபின் திரும்புகின்றனர். மேற்கே போகும் தண்டவாளம் ஒன்றே அவர்களுக்குப் பழகிய வழி. ஊருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்றறியாமலே வளர்ந்த பிள்ளைகள் பலர். ஆகையால் விடுமுறை நாளில் வண்டியை எப்பக்கம் திருப்புகிறோம் என்பது சிறு காரியமன்று.

முதல் வழி, பங்காருப்பேட்டை வழியாகக் கோலாருக்குச் செல்வது. ஒருவழித் தூரம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். கங்க மன்னர்களின் பழைய தலைநகரான குவளாலபுரமே இக்கோலார். சோழர் இந்நாட்டை ஆண்டபோது இதற்கு நிகரிலி சோழ மண்டலம் என்று பெயரிட்டனர். கோலாரம்மன் கோயிலில் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். சுரங்க வேலைக்கு நம் முன்னோர் வருமுன்னரே இம்மண்ணில் தமிழ் எழுதப்பட்டிருந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயினும், லாரிகளும் பஸ்களும் ஓயாது ஓடும் சாலையில் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் போவதை நான் ஒப்பேன். கோலாருக்குப் பஸ்ஸிலேயே போய், நாள் முழுதும் இருந்து பார்த்து வாருங்கள்.

இரண்டாவது, ஐதரலி பிறந்த ஊர் என்று சொல்லப்படும் பூதிக்கோட்டை வழி. பாறைக் குன்றுகளும் கேழ்வரகு வயல்களுமாக இனிய வழிதான். புதிதாகச் சைக்கிள் பழகியவர்கள் இதில் தொடங்கலாம்.

என் மனம் நாடுவது மூன்றாவது வழியையே. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கிழக்கே பேத்தமங்கலம் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். அங்கிருந்து முளபாகல் சாலையில் வடக்கே சென்று, இடப்புறம் பிரிந்தால் ஆவணி. போகவர ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று ஏறக்குறைய வரும். காலை ஆறு மணிக்குள் புறப்படுதல் நலம்.

பேத்தமங்கலத்தில் அவசரப்படாதீர்கள். ஏரிக்கரையில் வண்டிகளைச் சாய்த்துவிட்டு ஒரு நாழிகை உட்காருங்கள். இவ்வேரியில் வந்து சேர்வது பாலாறு. நந்திமலைப் பக்கத்தில் தோன்றி இவ்வழியே இறங்கி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று பாய்கிறதே, அந்தப் பாலாறுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கவயலின் சுரங்கங்களுக்கும் குடியிருப்பு வரிசைகளுக்கும் தண்ணீர் இங்கிருந்துதான் குழாய் வழியே சென்றது. வட ஆர்க்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த குடும்பங்கள், எந்த ஆற்றங்கரையை விட்டுப் பிரிந்தனவோ, அதே ஆற்றின் மேல்நீரையே இங்கே குடித்து வாழ்ந்தன. சொந்த ஊரை இழந்தோம் என்று ஏங்கிய பாட்டிமார்களுக்கு இதனை யாரேனும் எடுத்துச் சொன்னார்களோ என்னவோ! மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி வறண்டு கிடக்கும். அப்போதும் கரையில் நின்று பார்த்துவிட்டே செல்லுங்கள்.

ஆவணியில் நுளம்ப மன்னர் காலத்து, பத்தாம் நூற்றாண்டின் கோயில்கள் ஒரே வளாகத்தில் நெருங்கி நிற்கின்றன. இராமன், இலக்குவன், பரதன், சத்துருக்கனன் பெயர்களால் சிவலிங்கங்கள் அங்கே உண்டு. வான்மீகியின் ஆசிரமம் இங்கே இருந்ததென்றும், சீதை இலவகுசரை இம்மலையில்தான் ஈன்றாள் என்றும் ஊரார் சொல்வர். வெயில் ஏறுமுன் மலையைப் பார்த்துவிட்டு, நண்பகலைக் கோயில் நிழலில் கழிக்கலாம்.

சில எச்சரிக்கைகள். பேத்தமங்கலத்தருகே புதிய சென்னை விரைவுச்சாலை தென்படும். நேர்வழியாயிற்றே என்று அதில் ஏறிவிட வேண்டாம், அது நமக்குரியதன்று. ஊரெல்லையிலுள்ள சயனைடு மண்மேடுகள் படம் பிடிக்க அழகானவைதாம். ஆனால் காற்றடிக்கும் நாளில் அத்தூசியை மூச்சில் ஏற்றுக்கொள்வது நன்றன்று. கூட்டத்தில் காற்றுப்பம்பு ஒன்றும், பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். வேகமாகச் செல்வோர் முன்னே ஓடிவிடாமல், மெல்லச் செல்வோருக்காகத் திருப்பந்தோறும் காத்திருப்பது முறை.

கடைசியாக ஒன்று. பேத்தமங்கலம் தாழ்ந்த இடம். தங்கவயல் மேட்டு நிலம். அதனால்தான் அந்தத் தண்ணீரை இயந்திரங்களைக் கொண்டு மேலேற்ற வேண்டியிருந்தது. காலையில் காலுக்கு வேலை கொடுக்காத இறக்கம், மாலையில் ஏற்றமாக எதிரே நிற்கும். ஏரிக்கரையில் மறுபடியும் இறங்கி, தண்ணீர் குடித்து, இளைப்பாறிவிட்டு அதன்பின் மிதியுங்கள். முடியாதவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடக்கலாம். சுரங்கத்தின் பழைய இரும்புக் கோபுரங்கள் கண்ணில் படும் வரையில்தான் அந்த மேடு.