போகும்போது மேஸ்திரி இருந்தார். வரும்போது யார் இருந்தா?



"பிழைப்புக்காக வெளிமாநிலம் போனவருக்குப் பெரிய சோதனை, போனதா? திரும்பி வந்ததா?" இதுதான் தலைப்பு. திரும்பி வந்ததுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் பிரமாதமாகப் பேசினார். பாஷை தெரியாத ஊர், முகம் தெரியாத ஜனம், பிளாட்பாரத்திலே படுக்கை என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் அண்ணே, நீங்க சொன்னதைக் கேட்டா நம்ம ஊர்க்காரன் பெங்களூர் போன மாதிரி இல்லே, சந்திர மண்டலம் போன மாதிரி இருக்கு. (சிரிப்பு) பாஷையா? நம்ம மாவட்டத்திலேயே வீட்டுக்குள்ளே கன்னடம் பேசுறவங்க எத்தனை பேர், தெலுங்கு பேசுறவங்க எத்தனை பேர்! சாப்பாடா? இங்கே கேழ்வரகுக் களி, அங்கே ராகி முத்தே. உருண்டை ஒண்ணுதான், பேர்தான் வேற. (கைதட்டல்) தூரமா? ஏறக்குறைய 130 கிலோமீட்டர். விடிகாலையிலே பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாடு அங்கே.

அதைவிட முக்கியம், போறவனுக்காக அங்கே ஒரு இடம் காத்துக்கிட்டிருக்கு அய்யா. மேஸ்திரி வீட்டு வாசலுக்கே வர்றார். அட்வான்ஸ் கையிலே வைக்கிறார். பொண்டாட்டி சித்தாள் வேலைக்கு வருவாளான்னு கேட்டுக்கிறார். கட்டடத்துப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை ரெடி. கஷ்டம் இல்லையா? உண்டு. ஆனால் "நீ யாரு, எதுக்கு வந்தே?"ன்னு அங்கே யாரும் கேட்கலை. இவன் வரலேன்னா அங்கே நாலாவது மாடி ஏறாது!

இது இன்னைக்கு நேத்துக் கதை இல்லை. 1880-லே ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலைக் கையிலே எடுத்தது. வட ஆற்காடு, சேலம் ஜில்லாப் பக்கமிருந்து நம்ம ஜனங்கள் போய் இறங்கினாங்க. நாம அப்போ சேலம் ஜில்லாதானே? தருமபுரி தனி மாவட்டமானது 1965-லே. மூணு கிலோமீட்டருக்கும் மேலே பூமிக்குள்ளே போய்த் தோண்டினாங்க. 1902-லேயே காவிரித் தண்ணியிலே சிவசமுத்திரத்திலே எடுத்த மின்சாரம் அந்தச் சுரங்கத்துக்கு வந்துவிட்டது. நம்ம கிராமங்கள்ல சிம்னி விளக்கு எரிஞ்ச காலம் அது.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினாங்க. 120 வருஷம். இப்போ எதிரணியைக் கேட்கிறேன்: மூடினவுடனே எல்லோரும் ஊர் திரும்பினாங்களா? இல்லையே! பெரும்பாலானவங்க அங்கேயே இருந்துட்டாங்க. விடியறதுக்கு முன்னாடி ரயிலைப் பிடிச்சு பெங்களூர் போய் வேலை பார்த்துட்டு, ராத்திரி அதே ரயில்லே வீட்டுக்கு வர்றாங்க. தினமும்! ஏன்? கூட்டிக்கிட்டுப் போக அன்னைக்கு ஆள் இருந்தது. கூட்டிக்கிட்டு வர ஆளே இல்லை. தாத்தாவோட அப்பா விட்டுட்டு வந்த ஊர்லே இவன் எந்தக் கதவைத் தட்டுவான்?

பிலிகுண்டுலு தெரியுமில்லே உங்களுக்கு? ஒகேனக்கல்லுக்கு மேலே. கர்நாடகத்திலிருந்து காவிரி எத்தனை கன அடி வருதுன்னு மத்திய நீர் ஆணையத்துக்காரங்க அங்கே உட்கார்ந்து அளந்து எழுதுறாங்க. 2018-லே சுப்ரீம் கோர்ட்டு சொன்ன 177.25 டி.எம்.சி. கணக்கும் அந்த இடத்திலேதான். தண்ணி வந்தா அளக்க ஆள் இருக்கு அய்யா. அதே கர்நாடகத்திலிருந்து நம்ம மனுஷன் திரும்பி வர்றானே, அவனை யாராவது ஒரு நோட்டிலே குறிச்சாங்களா? (பலத்த கைதட்டல்)

தண்ணின்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. நம்ம பக்கத்துக் கிணத்துத் தண்ணியிலே ஃபுளோரைடு. சின்ன வயசிலேயே பல்லிலே மஞ்சள் கறை விழுந்துடும். பெங்களூர்லே வாயைத் திறந்து சிரிச்சாலே "தருமபுரியா?"ன்னு கேட்பாங்க. ஊரை விட்டுப் போனாலும் ஊர் பல்லிலே கூடவே போகும்! (சிரிப்பு) 2013-லே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. இனிமே பிறக்கிற குழந்தைகளுக்காவது வெள்ளைப் பல்லு முளைக்கட்டும்.

நான் ஏதோ புத்தகத்தைப் படிச்சுட்டுப் பேசுறேன்னு நினைக்காதீங்க. நானே திரும்பி வந்தவள்தான்.

1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தோட இடைக்கால உத்தரவு அரசிதழ்லே வெளியான மறுநாளே பெங்களூர்லே கலவரம். நான் நாலாங்கிளாஸ், கன்னடப் பள்ளிக்கூடத்திலே. எங்கப்பா கொத்தனார். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர், அவரை நாங்க "மாவா"ன்னுதான் கூப்பிடுவோம், தன்னோட டெம்போவிலே எங்களை ஏத்தி, மேலே கோஸ் மூட்டையை அடுக்கி, அத்திப்பள்ளி தாண்டிக் கொண்டாந்து ஓசூர்லே விட்டார். வழியெல்லாம் எங்கம்மா என் வாயைக் கையாலே பொத்தியே வச்சிருந்தாங்க. நான் தமிழ்லே இருமிடுவேனோன்னு பயம்! இப்போ சிரிப்பா இருக்கு. அன்னைக்கு இல்லை.

எதிரணி சொல்லலாம், "பார்த்தீங்களா, போனதாலேதானே இந்தச் சோதனை?" என்று. பொறுங்க, கதை முடியலை. ஊருக்கு வந்தோம். அப்பா வருஷா வருஷம் அனுப்பின பணத்திலே கட்டின வீடு. உள்ளே சித்தப்பா குடும்பம். பொங்கலுக்குப் பையோட வந்தப்போ எல்லாம் "அண்ணன் வந்துட்டார், கோழி அடி"ன்னவங்க. இப்போ முதல் நாள் "எப்ப வந்தீங்க?" மூணாம் நாள் "லீவு எத்தனை நாள்?" பத்தாம் நாள் சித்தி ரொம்பப் பக்குவமாக் கேட்டாங்க: "அங்கே இன்னும் அடங்கலையாமா?" (சிரிப்பு) அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ரெண்டு ஏக்கர் மானாவாரியும் நாலு புளிய மரமும் எத்தனை பேருக்குச் சோறு போடும்? நாங்க இல்லாததை வச்சுத்தான் அவங்க கணக்கே போட்டிருந்தாங்க.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே என்னைக் "கொங்கா" என்பாங்க. தமிழாளுக்கு அவங்க வச்ச பேரு. இங்கே வந்தா "கன்னடக்காரி". அந்த ஊருக்கும் நான் வெளியாள், இந்த ஊருக்கும் வெளியாள். ஒன்பது வயசிலே எழுத்துக் கூட்டி அ, ஆ ஆரம்பிச்சேன். ரெண்டு வகுப்புக் கீழே உட்கார வச்சாங்க. இன்னைக்கு உங்க முன்னாலே தமிழ்லே பேசிக்கிட்டிருக்கேன்னா, அந்த வருஷம் சாயங்காலம் அரை மணி நேரம் கூட உட்கார வச்ச ஒரு டீச்சர்தான் காரணம்.

ரேஷன் கார்டு? அது பாட்டி பேர்லே. எங்க பேரை அடிச்சிருந்தாங்க. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்திலே தமிழ்நாடு சேர்ந்ததே 2020 அக்டோபர்லேதான். அதுவும் போறவனுக்கு அரிசி கொடுக்கிற திட்டம். வர்றவன் பேரைத் திரும்பக் குடும்பத்திலே சேர்க்க இன்னும் அலையத்தான் வேண்டியிருக்கு.

2020 மார்ச் 25. ஊரடங்கு. ஜூஜூவாடி சோதனைச் சாவடியிலே மூட்டை முடிச்சோட நம்ம ஜனங்கள். இ-பாஸ் இருக்கா? காய்ச்சல் இருக்கா? எல்லாக் கேள்வியும் கேட்டோம். "சாப்பிட்டியா?"ன்னு கேட்டவங்க கொஞ்சம் பேர்தான். வந்தவங்களைப் பள்ளிக்கூடத்திலே தங்க வச்சோம். சொந்த ஊர்லே, சொந்த வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரியுற தூரத்திலே, பதினாலு நாள்.

அப்படி வந்த குடும்பத்துப் பொண்ணு ஒண்ணு, 2021 நவம்பர்லே பள்ளிக்கூடம் திறந்ததும் என் ஆறாம் வகுப்புக்கு வந்தது. தமிழ் நல்லாப் பேசும், எழுதத் தெரியாது. பேரை எழுதும்மான்னு போர்டுக்குக் கூப்பிட்டேன். கன்னடத்திலே எழுதிச்சு. வகுப்பே சிரிச்சது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லக் கூடாது, ஆசிரியை நான். சாக்பீஸை வாங்கி, அது பேருக்குக் கீழே என் பேரையும் கன்னடத்திலே எழுதினேன். முப்பது வருஷம் கழிச்சு எழுதுறேன், ஒரு கொம்பு தப்பு. அந்தப் பொண்ணு எழுந்து வந்து திருத்திச்சு அய்யா! (பலத்த கைதட்டல்) அன்னையிலிருந்து எல்லாப் பிள்ளையும் தன் பேரைக் கன்னடத்திலே எழுதித் தரச் சொல்லி அது பின்னாலே சுத்துது. நான் சாயங்காலம் அரை மணி நேரம் கூட உட்கார்ந்தேன். பங்குனிக்குள்ளே பாடப் புத்தகத்தைத் தட்டித் தடவிப் படிக்க ஆரம்பிச்சது.

ஜூன் மாசம் அதோட அப்பா வந்தார். "டீச்சர், டி.சி. வேணும். பெங்களூர் போறோம்."

"ஏங்க, இப்பத்தானே பிள்ளை தேறி வருது?"

"இங்கே ரெண்டு வருஷமா வேலை தேடிட்டேன் டீச்சர். நூறு நாள் வேலையை வச்சு மூணு பேருக்கு எப்படி? அங்கே மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டேன். நாளைக்கே வான்னுட்டார்."

ஒரே ஒரு போன். போறதுக்கு அவ்வளவுதான் அண்ணே செலவு.

டி.சி. கையெழுத்தாகி வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு என் மேஜைக்குப் பக்கத்திலே நின்னுக்கிட்டிருந்தது. மெதுவாக் கேட்டது: "டீச்சர், நாங்க மறுபடியும் வந்தா, மறுபடியும் அ, ஆவிலிருந்தா?"

நான் பதில் சொல்லலை. நடுவர் அய்யா, நீங்க சொல்லுங்க.